கீழ வீதிக்குப் போன தாலி

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பால் சட்டியை உருட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஒருநாள் அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் தம்பி அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, கெடிலத்துக்கு அக்கரையில் மஞ்சக்குப்பம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். மறுநாள் காலையில் பூனை அடுப்பு மேடையில் படுத்திருந்தது. இரண்டாம் தடவை நான் புறப்பட்டேன். “நீ வேணாம்டா” என்று அம்மா தடுத்தாள். கேட்பேனா? பூனை பகல் சாப்பாட்டுக்கே வந்துவிட்டது. நான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தேன். “சாக்குல போனது வந்துடுச்சு, சைக்கிள்ல போனவனக் காணோம்னு தெருவே சிரிக்குது” என்றாள் அம்மா.

எனக்கு வழி தெரியாது என்று எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பொய்யைப் பரப்பி வைத்திருந்தார்கள். எனக்கு வழி நன்றாகத் தெரியும். ஊர்களைத்தான் ஒழுங்காகக் கட்டவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. “பட்டு அந்தப் பக்கம், நூல் இந்தப் பக்கம்” என்று காலையிலிருந்து கடை சாத்தும் வரை ஊருக்கே வழி சொல்கிறவன் நான். அப்படிப்பட்டவனைப் பார்த்து வழி தெரியாதவன் என்றால் கோபம் வருமா, வராதா? அதனால் யாரிடமும் வழி கேட்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். மணிக்கணக்கில் சுற்றுவேன், கால் வீங்கும், வாயை மட்டும் திறக்க மாட்டேன்.

தகராறு முழுக்கத் திசையில்தான். எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூடத் திசை உண்டு. “மேற்கால இருக்குது பாரு” என்பாள் அம்மா. இலையில் உட்கார்ந்தால் “கொஞ்சம் தெக்கால தள்ளி ஒக்காரு” என்பாள். எல்லோரும் சரியாகத் தள்ளி உட்காருவார்கள். நான் அடுத்தவர் மடியில் உட்காருவேன். எங்கள் தெரு சலவைக்காரரின் கழுதைகள் ஆற்றங்கரையிலிருந்து ஆள் துணையில்லாமல் தாமாகவே வீடு வந்து சேரும். எறும்பு சர்க்கரை டப்பாவிலிருந்து சுவர் ஓட்டைக்கு நூல் பிடித்தாற்போல் போகும். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உதித்த பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

ஆனால் கைவசம் ஒரு சாமர்த்தியம் வைத்திருந்தேன். கோயில். சாமி கிழக்கே பார்த்து நிற்பார், எங்கள் ஊர்ச் சாமியும் அப்படித்தான். அவருக்கு முதுகைக் காட்டி நின்றால் என் முகம் கிழக்கே இருக்கும், நேரே நடந்தால் கீழ வாசல். சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பார்கள். அவசரத்துக்குப் பாவமில்லை என்று நானே தீர்மானம் செய்துகொண்டு, இந்த ஒரு விதியால் பல ஊர்களில் பிழைத்திருக்கிறேன்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் தம்பிக்குச் சிதம்பரத்தில் பெண் நிச்சயமானது. நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை. போகத்தான் புறப்பட்டேன். சிதம்பரம் போகிற ரயில் என்று நினைத்து ஏறினேன், அது மேல்பட்டாம்பாக்கத்தில் போய் நின்றது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. அதனால் சம்பந்தி வீட்டாரின் முகம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, என் முகமும் அவர்களுக்குத் தெரியாது.

கல்யாணம் பெண் வீட்டில், கீழ வீதியில். ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதை விட்டால் ஆடி. ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்?

தாலி செய்கிற ஆசாரியோ “இதோ, இதோ” என்று இழுத்தடித்து, வியாழக்கிழமை சாயங்காலம்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் வியாழன் காலையிலேயே சிதம்பரம் புறப்படுகிறார்கள். யாராவது ஒருவர் பின்தங்கித் தாலியை வாங்கிக்கொண்டு மறுநாள் விடியற்காலை ரயிலில் வர வேண்டும். அம்மா என்னைத் தவிர மற்ற எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பிதான் வாயைத் திறந்தான். “அப்பா இருந்தா அவரு கையால எடுத்துக் குடுப்பாரு. இப்ப அண்ணன்தான் அப்பா எடத்துல. அவரே எடுத்தாரட்டும்.”

“டேய், இவன் வந்து சேரலேன்னா?”

“வருவாரும்மா.”

அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தலையைக் கொடுத்தாவது அந்தத் தாலியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. வியாழன் காலை அவள் புறப்படும்போது என்னை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினாள். “ஒனக்குத் திசை சொல்லிப் பிரயோஜனமில்ல. கேளு. வண்டிக்காரனக் கோயில் வாசல்ல வுடச் சொல்லு. தாலிய நடராஜர் சந்நிதியில வெச்சு வாங்கிக்க. கீழ வாசல் வழியா வெளிய வந்து நேரா நட, வீதி வரும். சாப்புடாத கைப் பக்கம் திரும்பு. பந்தல் போட்டு, வாழ மரம் கட்டி, நாயனம் வாசிப்பாங்க. அதான் வூடு.”

“இதுகூடத் தெரியாதா எனக்கு?” என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, தாலியை மஞ்சள் துணியில் சுற்றி, சிறிய பித்தளை டப்பாவில் வைத்து, டப்பாவை இடுப்பு வேட்டியில் முடிந்து, அதன்மேல் பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். சரியான ரயிலில் ஏறினேன். ரயில் மட்டும் பட்டாளத்து வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வண்டிக்காரன் கோயிலின் கீழ வாசலில் இறக்கிவிட்டான். கோபுரத்தடியில் புதுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். சந்நிதியில் தீட்சிதர் தாலியை வாங்கி, பாதத்தில் வைத்து எடுத்து, பூவும் குங்குமமுமாகக் கொடுத்தார். மணி ஒன்பது. எல்லாம் சுபம்.

இப்போது வழி. நடராஜருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். நேரே நடந்தேன். மண்டபம், பிராகாரம், கோபுரம், ஒரு மடக்கு இல்லை, ஒரு திருப்பம் இல்லை. வாசலுக்கு வெளியே வந்தபோது சூரியன் என் இடது பக்கத்தில் இருந்தது. கிழக்கே போகிறவனுக்குச் சூரியன் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டாமோ என்று ஒரு சின்ன சந்தேகம் வந்தது. ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் நடராஜர். நான் யாரை நம்புவது? நடராஜரை நம்பினேன்.

கோபுரத்தடியில் என் செருப்பைக் காணோம். கோயில் வாசலிலேயே திருட்டா என்று கத்தினேன். பூ விற்கிற அம்மாள் ஒருத்தி, “சாமி, நீங்க எந்த வாசல்ல...” என்று ஆரம்பித்தாள். “எனக்கு எல்லாம் தெரியும், நீ பூவைக் கட்டு” என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். வீதி வந்தது. சாப்பிடாத கைப் பக்கம் திரும்பினேன். பந்தல், வாழை மரம், நாயனம்! அம்மா சொன்னதில் ஓர் அட்சரம் பிசகவில்லை. இதற்காகவா என்னை இத்தனை வருஷமாகக் கேலி செய்தார்கள் என்று நினைத்தேன்.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியவர், “நீங்க?” என்று இழுத்தார்.

“மாப்பிள்ளைக்கு அண்ணன்” என்றேன்.

“அடடா, வாங்க வாங்க! நிச்சயத்துக்கு வரலியே நீங்க?”

“வேலை ஜாஸ்தி.”

அவ்வளவுதான், உபசாரம் தூள் பறந்தது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் பூசினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் வெல்லக் காப்பி, எனக்கு மட்டும் ரேஷன் சர்க்கரை போட்ட காப்பி. இலை போட்டு இட்லி, கேசரி பரிமாறினார்கள். சம்பந்தி வீட்டார் தங்கமானவர்கள் என்று மனசார வாழ்த்தினேன். எங்கள் ஆட்கள் ஒருவரையும் காணோமே என்று தோன்றத்தான் செய்தது. பெண்கள் உள்கட்டில் இருப்பார்கள், ஆண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டேன். மணவறையில் புகை மண்டலம். மாப்பிள்ளை தலைப்பாகையும் மாலையுமாக எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தம்பி கொஞ்சம் இளைத்திருந்தான். கல்யாணக் கவலை என்று இரக்கப்பட்டேன்.

தாலியை உடனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பா ஸ்தானத்தில் வந்தவன், நேரம் வரும்போது எல்லோரும் பார்க்க எழுந்துபோய் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஆசை. டப்பாவைத் தயாராக மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் காத்திருந்தேன்.

வாத்தியார் கையை உயர்த்தினார். மேளம் ஓங்கியது. ஒரு தட்டில் தேங்காய்மேல் தாலி வைத்து, ஆசீர்வாதத்துக்காக ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே வந்தார்கள். என்னிடமும் நீட்டினார்கள்.

தாலியா? தாலி என் மடியில் அல்லவா இருக்கிறது?

ஒரு நொடியில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை நம்பாமல் வேறொரு தாலி செய்து வைத்திருக்கிறார்கள்! வருவார் வருவார் என்று தேனொழுகப் பேசிவிட்டு, பின்னால் இந்த வேலை! உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. துள்ளி எழுந்தேன். டப்பாவைத் திறந்து தாலியை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

“நிறுத்துங்கய்யா! அந்தத் தாலியக் கட்டக் கூடாது! தாலி என்கிட்ட இருக்கு!”

நாயனம் பாதியில் நின்றது. பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளை திரும்பினான். அது யாரோ ஒரு பையன்.

“யாருடி இவன்?” என்று ஓர் அத்தை பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாது அத்தே!” என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டது.

பெண்ணின் தகப்பனார் என் சட்டையைப் பிடித்தார். நாலு பேர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்கள். “ஐயோ, நான் மாப்பிள்ளைக்கு அண்ணன்!” என்று அலறினேன்.

“எனக்கு அண்ணனே கெடையாதே” என்றான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளையின் தாயார் மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

சந்தனக் கிண்ணப் பெரியவர்தான் காப்பாற்றினார். “இருங்கப்பா. தம்பி, ஒங்களுக்கு எந்த வீதிக் கல்யாணம்?”

“கீழ வீதி.”

“இது தெற்கு வீதி.”

“எப்படி? நடராஜருக்கு முதுகைக் காட்டி நேரா வந்தேனே!”

“அவரு தெக்கப் பாத்தவரு ஆச்சேப்பா!”

பந்தல் முழுக்கச் சிரித்தது. அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். சட்டையை விட்டுவிட்டார்கள். எல்லா ஊரிலும் சாமி கிழக்கே பார்த்து நிற்க, இவர் மட்டும் தெற்கே திரும்பி ஆடுவானேன்? அதை அங்கே யாரிடம் கேட்பது? என் மானம் கப்பலேறிக் கடலூர்த் துறைமுகத்தையும் தாண்டிப் போயிருந்தது. மணி பத்தாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் பகீரென்றது. அரை மணி. அங்கே தம்பி மணையில் உட்கார்ந்திருப்பான். தாலி என் கையில்.

வாசலுக்கு ஓடினேன். “கெழக்கால போயி, முக்குல வடக்கால திரும்புங்க!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். கிழக்கால! வடக்கால! இரண்டு பக்கமும் வீதி ஒரே மாதிரி நீண்டு கிடந்தது. எது கிழக்கு என்று திரும்பிப் போய்க் கேட்டால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். தாலி போனாலும் போகட்டும், கேட்க மாட்டேன் என்று அந்த நேரத்திலும் ஒரு திமிர். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நடு வீதியில் நின்று திருதிருவென்று விழித்தேன்.

எச்சில் இலைக் கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

“அதோ போவுது பாருங்க செவலப் பசு, அது பின்னாலயே போங்க. இங்க டிபன் எலைய முடிச்சிட்டு அடுத்தது கீழ வீதிக் கல்யாணத்துக்குத்தான் போவும். முகூர்த்த நாளுன்னா அதுக்கு எல்லாக் கல்யாண வூடும் அத்துப்படி.”

நான் கேசரி தின்ற இலையையும் அதுதான் தின்றிருக்க வேண்டும். நெற்றியில் யாரோ வைத்த குங்குமத்தோடு, வீதி தன் சொத்து என்கிற மாதிரி அது நடந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் வாலுக்குப் பின்னால் நின்றேன்.

அடுத்த கால் மணி நேரத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பசுவுக்கு ராகு காலம் கிடையாது. சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்ததும் நின்றது. அதைக் கிழித்து, நிதானமாக மென்று, விழுங்கியது. எனக்கு உயிர் போனது. “அம்மா, தாயே, நடம்மா” என்று கெஞ்சினேன். திரும்பி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டாவது நோட்டீஸை ஆரம்பித்தது. அதை முந்திக்கொண்டு ஓடினால் வழி தெரியாது. பின்னாலேயே போனால் முகூர்த்தம் தப்பிவிடும். ஒரு வீட்டு வாசலில் கழுநீர்த் தொட்டி இருந்தது. அதில் அது வாயை வைத்தபோது நான் வாய்விட்டு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முக்கில் வந்து சட்டென்று திரும்பியது. கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு சந்நிதித் தெரு, அதன் கோடியில் ஒரு கோபுரம். காலையில் நான் உள்ளே போன கோபுரம் அதுதான் என்று, அப்போது பார்த்திருந்த சந்தனக் கடைப் பலகையை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் போனதும் நாயனச் சத்தம் கேட்டது. பசு அதைக் கேட்டு நடையை எட்டிப் போட்டது. நானும் எட்டிப் போட்டேன்.

அங்கே அதற்குள் நடந்ததை, அம்மாவோடு முதல் நாளே வந்திருந்த என் மனைவி பிறகு சொன்னாள். மணி பத்தேகால் ஆனதும் பெண்ணின் தகப்பனார் பொறுமையிழந்து, விரலி மஞ்சளை மஞ்சள் கயிற்றில் கோத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். “மஞ்சளக் கட்டுங்க மாப்ளே, பொன்னு அப்புறம் வரட்டும்” என்றாராம். வாத்தியார் சொன்னார், அம்மா சொன்னாள், ஊரே சொன்னது. தம்பி கையைக் கட்டிக்கொண்டு, “அண்ணன் வரட்டும்” என்ற ஒரே வார்த்தையோடு உட்கார்ந்திருந்தானாம். “கட்டுறீங்களா, இல்ல எம் பொண்ண எழுப்பிக்கினு போவட்டுமா?” என்று மாமனார் எழுந்து நின்றுவிட்டாராம்.

அந்த நேரத்தில்தான் செவலைப் பசு வாசல் வாழை மரத்தை ஒரு கடி கடித்துவிட்டு, பந்தலுக்குள் தலையை நீட்டியது.

“ஆகா! மகாலட்சுமி!” என்று ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். குலவைச் சத்தம் எழுந்தது. பசுவுக்குப் பின்னால் வெறுங்காலும் வியர்வையும் அழுத கண்ணுமாக நான். கையில் தாலி.

“யாரிது?”

“எங்க மூத்த பிள்ள” என்றாள் அம்மா. அவள் குரலில் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

“பசுவ முன்னால வுட்டுத் தாலிய எடுத்துக்கினு வர்றாரா! அப்பேர்ப்பட்ட குடும்பமா நீங்க!” என்று மாமனார் கோபத்தை எங்கேயோ போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுப்புச் சொல்லவில்லை. தம்பியின் கையில் தாலியை எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அண்ணே, நீ மாட்ட ஓட்டிக்கினு வந்தியா, மாடு ஒன்ன ஓட்டிக்கினு வந்துச்சா?” என்றான். மூன்று முடிச்சும் விழுந்தபோது பத்தரைக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

பந்தியில் என் பக்கத்தில் அவன் வந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

“ஏண்டா, மணி ஆவுதுன்னு தெரிஞ்சும் ஒரு ஆள அனுப்பித் தேடியிருக்கக் கூடாதா?”

“அம்மா நாலு பேர அனுப்பறேன்னுச்சு. நான்தான் வேணாம்னேன்.”

“ஏன்?”

“மொத மொத சம்பந்தி வூட்டுக்கு வர்ற, அப்பா எடத்துல வர்ற. மாப்ள அண்ணனுக்கு வழி தெரியலியாம்னு நாலு வீதிலயும் ஆளு வுட்டுத் தேடினா ஒனக்கு அசிங்கமா இருக்காதா? மஞ்சளக் கட்டினாலும் அதே பேச்சுத்தானே வரும்.”

“முகூர்த்தம் போயிருந்தா?”

“போனா போவுது. ஆவணி இல்லியா?” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினான்.

மாமனார் பெண்ணை எழுப்பிக்கொண்டு போகிறேன் என்று நின்றபோதும் என் மானத்துக்காக அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். தெற்கு வீதி முழுக்க அந்த மானம் ஏற்கெனவே போய்விட்டது என்று அவனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. இத்தனை வருஷமும் இந்த வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

பாயசம் குடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவும் இடம் தெரியவில்லை. எதிரே பெண்ணின் தகப்பனார் நின்றிருந்தார். நேரே அவரிடம் போனேன்.

“மாமா, கை கழுவ எந்தப் பக்கம் போவணும்?”

“வடக்கால போங்க” என்றார்.

“எது மாமா வடக்கு?” என்று அதையும் கேட்டேன்.